இருவருக்கு ஒரு பந்து

இடது குதிகாலுக்கு நேராகப் பந்து. தோளகலத்துக்குக் கால். வலது தோள் ஒரு துளி தாழ்ந்து. பிடி இறுகக் கூடாது, கோழிக்குஞ்சைக் கையில் வைத்திருக்கிற மாதிரி, அது சாகவும் கூடாது ஓடவும் கூடாது. எல்லாம் தெரியும். கோல்ஃபில் எனக்குத் தெரியாதது எது? டிரைவர் மட்டையில் அடிக்கிறபோது எடை எந்தக் காலில், அயர்ன் மட்டையில் அடிக்கிறபோது எந்தக் காலில், மேட்டிலிருந்து எப்படி, சரிவிலிருந்து எப்படி, யார் கேட்டாலும் நின்ற இடத்திலேயே சொல்வேன். அடிக்கத்தான் வரமாட்டேன் என்கிறது. பின்னால் மூன்று பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். டாக்டர் தாமோதரன், அவர் மகள் நிவேதா, என் மனைவி மரகதம். அடிக்கிறவன் அடித்து முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது என்பது இந்த ஆட்டத்தின் மரியாதை, அந்த மரியாதைதான் என்னைக் கொல்கிறது. யாராவது இருமினால்கூடத் தேவலை, இருமலின் மேல் பழியைப் போட்டுவிடலாம். பதினெட்டாவது குழி. கடைசி. அப்பாவும் மகளும் ஒரு ஜோடி, நானும் மரகதமும் ஒரு ஜோடி, இதுவரை சமம், இதில் ஜெயிக்கிற ஜோடிக்கு ஆட்டம். ஜோடிக்கு ஒரே பந்து, மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். நான் அடித்து விழுகிற இடத்திலிருந்து அவள், அவள் அடித்து விழுகிற இடத்திலிருந்து நான். ஒற்றைப்படைக் குழிகளில் அவள் தொடங்குவாள், இரட்டைப்படையில் நான். கல்யாணம் மாதிரி என்று கிளப்பில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்கள் பெண்டாட்டிகள் வீட்டில் இருக்கிறார்கள். இடது குதிகாலுக்கு நேராகப் பந்து. காலையில் காபி ஆற்றிக்கொண்டே சொன்னாள். “டாக்டர் அடுத்த மாசம் கொடைக்கானல் போட்டிக்கு என்னைய அவருகூடச் சேந்து ஆடச் சொல்லிக் கேட்டாருங்க. அவரு மக பெங்களூருக்குப் போயிருமாமா. இன்னிக்கு ஆட்டம் முடிஞ்சு சொல்றனுங்கன்னு சொல்லிப்போட்டேன்.” சர்க்கரை போதுமா என்று கேட்கிற அதே குரல். கிளப்பிலிருந்து ஒரே ஒரு ஜோடிதான் போகும். போன வருஷம் போன ஜோடி நாங்கள். முதல் சுற்றிலேயே மூட்டை கட்டிக்கொண்டு திரும்பியது யாரால் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். ஆட்டம் முடிந்து சொல்கிறேன் என்றால் என்ன அர்த்தம்? ஜெயித்தால் என்னோடு, தோற்றால் அவரோடு. அவள் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும். பிடி இறுகிவிட்டது. தளர்த்து. சாகவும் கூடாது ஓடவும் கூடாது. அடித்துவிட்டேன்.

பந்து நன்றாகத்தான் கிளம்பியது. இந்த ஆட்டத்தின் பெரிய ஏமாற்று அதுதான், கிளம்பும்போது எல்லாப் பந்தும் நேராகத்தான் கிளம்புகிறது. நடுவானில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி வலது பக்கம் திரும்பி, சீகை மரங்களுக்குள் போய்ப் பட்டென்று எதிலோ மோதியது. “மேல காத்து இருக்கு சார்,” என்றார் டாக்டர். ஒரு இலை அசையவில்லை. நல்ல மனுஷன். இந்த நல்ல மனுஷத்தனத்தை எங்கே வாங்கினார் என்று தெரிந்தால் நானும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வேன். மரகதம் என் கையிலிருந்து டிரைவரை வாங்கிப் பையில் சொருகி, “தேடிக்கலாமுங்க” என்று மட்டும் சொன்னாள். நிவேதா வந்தாள், நின்றாள், அடித்தாள், நட்ட நடுவில் விழுந்தது, இருபத்தாறு வயதில் யாருக்குத்தான் விழாது. நடக்க ஆரம்பித்தோம். மட்டைப் பைகளைச் சுமக்கிற கேடி மாதன் முன்னால், அவனுக்குப் பின்னால் டாக்டரும் மரகதமும், அப்புறம் போனைப் பார்த்துக்கொண்டு அந்தப் பெண், கடைசியில் நான். சரிவில் இடது முழங்கால் வலிக்கிறது. அதைச் சொல்லக் கூடாது, சொன்னால் சாக்கு என்று நினைப்பார்கள். முன்னால் டாக்டர் என்னவோ சொல்ல மரகதம் சிரிக்கிறாள். சிரிப்பு மட்டும் கேட்கிறது, எதற்கென்று கேட்கவில்லை. இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், எனக்கு அந்த மாதிரிச் சந்தேகம் எதுவும் கிடையாது. டாக்டர் மனைவியை இழந்தவர், வயது அறுபத்தைந்து, கண் டாக்டர், எனக்கே கண்புரை எடுத்தவர். அந்த மாதிரிச் சந்தேகமாக இருந்தாலாவது பரவாயில்லை, அதற்கு ஊரில் ஒரு பெயர் இருக்கிறது, நாலு பேர் உச்சுக் கொட்டுவார்கள். பெண்டாட்டியின் இடுப்புத் திரும்புகிற அழகின் மேல் புருஷனுக்குப் பொறாமை என்று யாரிடம் போய்ச் சொல்வது? ஆனால் அதுதான். மட்டையைப் பின்னால் கொண்டுபோகிறாள், ஒரு கணம் உச்சியில் நிற்கிறது, அப்புறம் முதலில் திரும்புவது இடுப்பு. கை அல்ல, தோள் அல்ல, இடுப்பு. மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே வருகிறது, கூப்பிடாமலே. நான் ஆறு வருஷமாக அந்த இடுப்பைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன், என்னுடைய இடுப்பில். கோயம்புத்தூரில் பம்ப்செட் கம்பெனியை மகன் கையில் கொடுத்துவிட்டுக் குன்னூருக்கு ஏறி வந்ததே இந்த ஆட்டத்துக்காக. புத்தகம் வாங்கினேன், வீடியோ பார்த்தேன், நிலைக்கண்ணாடி முன்னால் நின்று துடைப்பத்தைச் சுழற்றினேன். அவள் சும்மா கூட நடக்க வந்தவள். நடைக்கு நடையும் ஆச்சு, உங்களுக்குத் துணைக்குத் துணையும் ஆச்சு என்று தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தவள். முதல் முதலில் அவள் கையில் மட்டையைக் கொடுத்து, கட்டைவிரலை இங்கே வை, சுண்டுவிரலைக் கோத்துக்கொள் என்று சொல்லிக் கொடுத்தது நான். சொல்லிக் கொடுத்தவனை விடக் கற்றுக்கொண்டவள் நன்றாக ஆடினால் பெருமைப்பட வேண்டும் என்று வெளியில் நிற்கிறவர்கள் சொல்வார்கள். பட்டுப் பார்த்தால் தெரியும்.

அப்புறம் பெண்களுக்கென்று ஃபெலிக்ஸ் என்று ஒரு கோச் வந்தான். வாரம் இரண்டு காலை. ஒரு நாள் கிளப் வாசலில் அவன் என்னைப் பிடித்துக்கொண்டு, “சார், மேடம் காலேஜ்ல வட்டு எறிஞ்சவங்களாமே, யுனிவர்சிட்டி வரைக்கும் போயிருக்காங்களாம், அதான் அந்தத் திருப்பம் இயற்கையா வருது” என்றான். ஆமாமா என்று தலையாட்டினேன். எனக்குத் தெரியாது. கல்யாணமாகி முப்பத்துநாலு வருஷம், எனக்குத் தெரியாது. அவள் பல்லில் எது சொத்தை, எந்தச் சித்தப்பாவோடு எதற்குப் பேச்சு வார்த்தை நின்றது, தூக்கத்தில் எந்தப் பக்கம் புரளுவாள் எல்லாம் தெரியும், வட்டு எறிந்தது தெரியாது. அன்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. “நீங்க கேக்கலீங்களே,” என்றாள். அவ்வளவுதான். கேட்க வேண்டுமாம். பெண் பார்க்கப் போனபோது அம்மா என்னென்னவோ கேட்டாள், பாடத் தெரியுமா, தைக்கத் தெரியுமா, வட்டு எறியத் தெரியுமா என்று எந்த மாமியார் கேட்பாள்? அதற்கு அப்புறம் அவள் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு திரும்பினால்கூட எனக்கு அந்த வட்டு தெரிகிறது. இருபது வயது மரகதம், எனக்குத் தெரியாத ஏதோ மைதானத்தில், எனக்குத் தெரியாத ஆட்கள் கைதட்ட, சுற்றிச் சுற்றி வந்து கையை விடுகிறாள். ஒரு ஃபெலிக்ஸுக்குச் சொல்லியிருக்கிறாள். அநேகமாக டாக்டருக்கும் சொல்லியிருப்பாள். அதற்குத்தான் அந்தச் சிரிப்போ என்னவோ. அடிக்கிறபோது என்னதான் நினைக்கிறாய் என்று ஒரு தடவை கேட்டேன், சாதாரணமாகக் கேட்கிற மாதிரி. “ஒண்ணும் நெனைக்கறதில்லீங்களே,” என்றாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒன்றும் நினைக்காமல் ஒருத்தி எப்படி அடிக்க முடியும்? நான் பதினாலு விஷயம் நினைத்துக்கொண்டு அடிக்கிறேன், அப்போதே வலது பக்கம் போகிறது. மறைக்கிறாள். ஏதோ ஒன்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, ஒரே ஒரு சின்ன விஷயம், அதை என்னிடம் சொல்லாமல் வைத்திருக்கிறாள். “இங்க கிடக்குதுங்க,” என்று மாதன் மரத்தடியிலிருந்து குரல் கொடுத்தான். கிடைக்காமலே போயிருக்கலாம்.

சருகு. மக்கின இலையின் வாசனை. கொஞ்சம் தள்ளிக் காட்டெருமை போட்டுவிட்டுப் போன சாணி, இன்னும் ஆவி பறக்கிறது, அது இங்கேதான் பக்கத்தில் எங்கேயோ நிற்கிறது, ஒருவேளை என்னைப் பார்த்துக்கொண்டு. பந்து இரண்டு மரத்துக்கு நடுவில், மேலே கிளை தாழ்ந்து தொங்குகிறது. உயரமாக அடித்தால் கிளை, நேராக அடித்தால் மரம். தாழ்வாகக் குத்த வேண்டும். பந்து வலது பாதத்துக்கு நேராக இருக்க வேண்டும், கை பந்தைத் தாண்டி முன்னால் போய்விட வேண்டும், எடை முழுக்க இடது காலில், மட்டையைப் பாதிதான் தூக்க வேண்டும், அடித்து முடித்தபின் இடுப்புக்கு மேல் போகக் கூடாது. ஏழாம் நம்பர் அயர்ன். இது எனக்கு நெட்டுருவாகத் தெரிந்த அடி, ஏனென்றால் இந்த மரங்களுக்குள் இந்தக் கிளப்பில் என்னைவிட அதிகம் வந்தவர் யாரும் இல்லை. “பந்தை வலது கால்கிட்ட வெச்சுக்கோ,” என்றேன். “சரிங்க.” “கை முன்னாடி போகோணும்.” “சரிங்க.” “ஏழாம் நம்பர் எடு.” “சரிங்க” என்று சொல்லிக்கொண்டே ஐந்தாம் நம்பரை உருவினாள். சொல்வதற்கெல்லாம் சரிங்க, செய்வதெல்லாம் தன் இஷ்டம். வெளியே வெயிலில் டாக்டர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார், பொறுமையாக, கண் சொட்டு மருந்து போட்டுவிட்டு நோயாளி கண்ணைத் திறக்கிறவரைக்கும் நிற்பாரே, அந்த நிற்பு. மரகதம் பந்தின் பின்னால் நின்று இடைவெளியை ஒரு தரம் பார்த்தாள். நான் அந்த மரத்தைப் பார்த்தேன், வலது பக்கத்து மரத்தை, பட்டை உரிந்த ஒரு முடிச்சு இருந்தது. அதில் படட்டும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றால் நினைத்தேன்தான், மனசுக்குள் தெளிவாக, வார்த்தை வார்த்தையாக, அதில் பட்டு இன்னும் உள்ளே போகட்டும். அது என் பந்தும்தான். அவள் தோற்றால் நானும்தான் தோற்கிறேன், கொடைக்கானல் போய்விடும், டாக்டரோடு போய்விடுவாள், எல்லாம் தெரிந்தும் படட்டும் என்று நினைத்தேன். மட்டை பாதிதான் போனது. இடுப்பு திரும்பியது. பந்து தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மேல் எழும்பாமல் இரண்டு மரத்துக்கும் நடுவில் வெளியேறி, புல்லில் விழுந்து, ஓடிக்கொண்டே இருந்தது, நிற்பதாகவே இல்லை. “ஆன்ட்டி!” என்று நிவேதா கத்தினாள். எனக்கும் வாயிலிருந்து ‘அட’ என்று வந்துவிட்டது. அந்த ‘அட’ நிஜம். அதற்கு அடுத்த நொடியில் வயிற்றில் எரிந்ததும் நிஜம். மட்டையில் ஒட்டிய சருகை விரலால் தட்டிவிட்டு, “உங்க மரத்துல படாம வந்துருச்சுங்க,” என்றாள். என் மரம். என் மரமாம்.

மூன்றாவது அடி என்னுடையது. நிவேதாவின் பந்தை டாக்டர் பாந்தமாக முன்னால் நகர்த்தியிருந்தார், அவர் அடி எப்போதும் அப்படித்தான், அழகும் கிடையாது ஆபத்தும் கிடையாது, அப்புறம் அந்தப் பெண் அதைப் பச்சையின் ஓரத்தில், குழியைச் சுற்றி ஒட்ட வெட்டின புல்லில், ஏற்றிவிட்டாள். குழிக்குத் தூரம்தான், ஆனாலும் மூன்றில் ஏறியாயிற்று. இப்போது நானும் ஏற்ற வேண்டும். பச்சைக்கு முன்னால் இடது பக்கம் மணல் பள்ளம், அதைத் தவிர மற்ற இடமெல்லாம் தாராளமாகக் கிடக்கிறது. நீளமான அடிக்குப் பந்தைக் கொஞ்சம் முன்னால், துடைத்துக்கொண்டு போகிற மாதிரி, தோண்டாமல், அவசரப்படாமல். பள்ளத்தைப் பார்க்காதே. பள்ளத்தைப் பார்க்காதே என்று சொல்லும்போதே அதைத்தான் பார்க்கிறேன், பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்தவன் மாதிரி. மரகதம் பக்கத்தில் நிற்கிறாள், நிழல் தெரிகிறது, நிழலுக்கும் இடுப்பு இருக்கிறது. நான் நன்றாக அடித்தால் அடுத்து அவளுக்கு லேசான அடி. மோசமாக அடித்தால் அவளுக்குக் கஷ்டமான அடி. கஷ்டமான அடி கிடைத்தால் அவள் தவறவிடலாம். தவறவிட்டால் எல்லோரும் பார்ப்பார்கள், இவளுக்கும் தவறும் என்று. இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது? யார் கூப்பிட்டார்கள்? சின்ன வயதில் தூங்குவதற்கு முன்னால் ஒரு பயம் வரும், எழுந்து போய் அம்மாவின் பட்டுப்புடவையைக் கத்திரிக்கோலால் வெட்டிவிடுவேனோ என்று. ஆசை இல்லை, கோபம் இல்லை, வெட்டிவிடுவேனோ என்கிற பயம் மட்டும், போர்வைக்குள் கையை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுப்பேன். இப்போதும் கை என்னுடையதில்லை போல இருக்கிறது. மணலில் இருந்து அவள் அடிக்கட்டும் பார்க்கலாம், வட்டு எறிகிறவள் மணலில் என்ன செய்கிறாள் பார்க்கலாம். இல்லை, நேராக அடி, பச்சையில் ஏற்று, ஜெயி, கொடைக்கானலுக்குக் கூட்டிக்கொண்டு போ. ஏரிக்கரையில் சோளம் வாங்கிக் கொடு. துடைத்துக்கொண்டு போகிற மாதிரி. அடித்தேன். ஆறு வருஷமாக வலது பக்கம் மட்டுமே போகத் தெரிந்த என் பந்து, அன்றைக்குப் பார்த்து, இடது பக்கம் போய் மணலில் இறங்கியது. வேண்டுமென்றே செய்தேனா? தெரியவில்லை. வேண்டுமென்று அடித்து நினைத்த இடத்தில் விழுந்ததாக என் வாழ்க்கையில் ஒரு பந்துகூடக் கிடையாது, அதனால் இருக்க முடியாது. அதை வைத்துத்தான் என் மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு நடந்தேன்.

மணல் அடி எல்லா அடிக்கும் நேர் எதிர், அதில் பந்தை அடிக்கவே கூடாது. பந்துக்குப் பின்னால் இருக்கிற மணலை அடிக்க வேண்டும், மணல் பந்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் போடும். காலை மணலில் புதைத்துக்கொண்டு, மட்டையின் முகத்தை வானம் பார்க்கத் திறந்து வைத்து, பயப்படாமல் முழு வேகத்தில். பயந்து வேகத்தைக் குறைத்தால் பந்து அங்கேயே கிடக்கும். எனக்கு எப்போதும் அங்கேயே கிடக்கும். அவள் பள்ளத்துக்குள் இறங்கினாள். நான் மேலே கரையில் நின்றேன், இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை. காலைப் புதைத்தாள். கம்மல் ஒரு தரம் மின்னியது. அந்த நேரத்தில் எனக்கு அவள் முகம் தெரிந்தது, நேருக்கு நேராக, அதுவரை அவள் அடிக்கும்போது நான் முகத்தைப் பார்த்ததே இல்லை, இடுப்பையும் கையையும் பார்த்துக்கொண்டிருப்பேன். முகத்தில் ஒன்றும் இல்லை. நிஜமாகவே ஒன்றும் இல்லை. அவள் பொய் சொல்லவில்லை. ரகசியம் எதையும் ஒளித்து வைத்திருக்கவில்லை, கேட்டு வாங்கிக்கொள்ள அங்கே ஒன்றுமே இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது நிம்மதி இல்லை, இன்னும் மோசமான எரிச்சல். திருடி வைத்திருந்தால் திருப்பிக் கேட்கலாம். மணல் எழும்பியது, ஒரு முறம் மணல், அதற்குள்ளிருந்து பந்து தனியாகப் பிரிந்து மெதுவாக வந்து, பச்சையில் ஒரு தரம் குதித்து, குழிக்கு இந்தப் பக்கம் ஒரு முழம் தூரத்தில் நின்றது. டாக்டர் கைதட்டினார். எதிர் ஜோடி கைதட்டுவது வழக்கம்தான், ஆனால் அவர் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் தட்டினார். “இதுக்கு மேல என்னம்மா ஆடணும்,” என்றார். மரகதம் பள்ளத்திலிருந்து ஏறக் கை நீட்டினாள். நான் நிற்கிற பக்கம்தான். கையைக் கொடுத்துத் தூக்கினேன். உள்ளங்கையெல்லாம் மணல், சொரசொரவென்று, சூடாக இருந்தது.

அதற்கு அப்புறம் அவர்கள் பக்கம் எல்லாம் கெட்டது. அந்தத் தூரத்திலிருந்து டாக்டர் உருட்டினது பாதியிலேயே களைத்து நின்றது, நிவேதா உருட்டினது குழியின் உதட்டை நக்கிவிட்டு வெளியே வந்தது, டாக்டர் தள்ளி உள்ளே போட்டார். ஆறு. எங்களுக்கு இதுவரை நாலு. ஒரு முழம் தூரத்தை நான் உருட்டிப் போட்டுவிட்டால் ஐந்து, ஆட்டம் எங்களுடையது. ஒரு முழம். குழந்தைகூடப் போடும் என்று சொல்கிற தூரம், குழந்தைக்குப் பிரச்சினை இல்லை, அது எதையும் இழக்கப் போவதில்லை. கண் பந்துக்கு நேர் மேலே. மணிக்கட்டு அசையக் கூடாது, தோள் மட்டும், ஊஞ்சல் மாதிரி. தலையைத் தூக்கக் கூடாது, பந்து குழியில் விழுகிற சத்தம் காதில் கேட்கிறவரை தூக்கக் கூடாது. குனிந்தேன். இதைப் போட்டால் கொடைக்கானல். இதை நான் போட வேண்டும், நான், மரங்களுக்குள் அடித்தவன் நான், மணலில் இறக்கியவன் நான், இந்த ஒன்றாவது நான் செய்ததாக இருக்க வேண்டும். அப்போது டாக்டரின் குரல், “எடுத்துக்கங்க சார்.” எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம், பந்து குழிக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் எதிர் ஜோடி அதைப் போட்டதாகவே கொடுத்துவிடுவார்கள். அப்புறம் உருட்ட வேண்டியதில்லை, குனிந்து பந்தை எடுத்துக்கொண்டு போகலாம். பந்தை உருட்டுகிற மட்டை பட்டர், அதன் தோல்பிடி நீளத்துக்குள் இருந்தால் கொடுப்பார்கள். இது தோல்பிடிக்கு மேலேயே இருந்தது. கடைசிக் குழியில், ஆட்டமே போகிற இடத்தில், யாரும் கொடுக்க மாட்டார்கள். டாக்டர் கொடுத்தார். கொடுக்கும்போது என்னைப் பார்க்கவில்லை, மணல் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு, “அம்மா அடிச்ச அடிக்கு இது கணக்கே இல்லை. எடுத்துக்கங்க,” என்றார். நான் நிமிரவில்லை. அம்மா அடித்த அடிக்கு. அப்படியென்றால் எனக்கு இல்லை. அவளுக்கு வருகிற சீரை நான் கையை நீட்டி வாங்கிக்கொள்ள வேண்டும், ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும், என் பெயரும் பலகையில் வரும், அவள் பெயருக்குப் பின்னால். “இருக்கட்டுங்க டாக்டர், போட்டர்றேன்,” என்றேன். தோள் மட்டும். ஊஞ்சல். சத்தம் கேட்கிறவரை தலையைத் தூக்காதே. சத்தம் கேட்கவில்லை. ரொம்ப நேரம் குனிந்தே நின்றேன், சத்தம் கேட்கவே இல்லை. நிமிர்ந்தபோது பந்து குழியைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருந்தது, முன்பு இந்தப் பக்கம் இருந்ததைவிட அதிக தூரம்.

நிவேதா போனை எடுத்துவிட்டுத் திரும்பப் பையில் போட்டாள். டாக்டர்தான் முதலில் தொப்பியைக் கழற்றிவிட்டு வந்தார், கையை நீட்டிக்கொண்டு. “குடுத்தா குடுத்ததுதான் சார். அதுக்கப்புறம் போட்டாலும் போடாட்டியும் ஒண்ணுதான், ரூல் அப்படி. ஜெயிச்சீங்க, வாழ்த்துக்கள்.” கை குலுக்கினேன். ஜெயித்தோம். வேண்டாமென்று சொல்ல முடியாத ஒன்றை வேண்டாமென்று சொல்லி, அதையும் தவறவிட்டு, ஜெயித்தோம். மரகதம் போய்க் குனிந்து பந்தை எடுத்து, கைத்துண்டில் துடைத்துக்கொண்டே என் பக்கத்தில் வந்தாள். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், “அவரு குடுத்தாருல்லீங்க. அப்பறம் எதுக்கு அடிச்சீங்க?” என்றாள். “அவரு குடுத்து நான் வாங்கோணுமா?” என்றேன். என் குரல் எனக்கே சின்னப் பையன் குரல் மாதிரிக் கேட்டது. அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பிடித்துக்கொள்ள எனக்கு ஏதாவது கிடைத்திருக்கும். “அவரு எங்கீங்க குடுத்தாரு,” என்றாள், “அந்தப் பந்த அந்த எடத்துல கொண்டாந்து வெச்சது நானுங்க.” அவ்வளவுதான் சொன்னாள். அவள் திரும்பி நாலு எட்டு நடந்து டாக்டரிடம் போனாள். “டாக்டர், அடுத்த மாசம் நான் உங்ககூட ஆடறனுங்க.” டாக்டர் சிரித்தார், அப்புறம் சங்கடமாக என் பக்கம் பார்த்தார். “இன்னிக்கு நீங்கதானேம்மா ஜெயிச்சீங்க, நீங்க ரெண்டு பேரும் போவீங்கன்னு நெனச்சேன். சாருக்கு ஒண்ணும் ஆட்சேபணை...” “அவருகிட்ட எதுக்குங்க கேக்கறீங்க, ஆடறது நான்தானுங்களே.” சண்டைக் குரல் இல்லை. நாளைக்குப் பால்காரன் வரமாட்டான் என்று சொல்கிற குரல். ஜெயித்தால் என்னோடு, தோற்றால் அவரோடு என்று பதினெட்டுக் குழிகளிலும் நான் சுமந்துகொண்டு வந்தது நானாகக் கட்டிக்கொண்டது, அவள் பார்த்துக்கொண்டிருந்தது வேறு ஒன்றை, அவள் கொண்டுவந்து வைத்ததை நான் வாங்கிக்கொள்கிறேனா என்று, மாட்டேன் என்பதை நான் இப்போதுதான் காட்டி முடித்திருக்கிறேன். கேடி பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனான். நாங்கள் இரண்டு பேரும் கிளப்பைப் பார்த்து நடந்தோம். முழங்கால் வலித்தது, நொண்டினேன், இனிமேல் மறைத்து என்ன. அவள் நடையைக் குறைத்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போய், “கொடைக்கானலுக்கு நீங்களும் வர்றீங்களா?” என்றாள். “நான் எதுக்கு?” “ஆட்டம் பாக்க.” பார்க்க வேண்டும். அவளும் டாக்டரும் ஒரு பந்தை மாற்றி மாற்றி அடித்துக்கொண்டு முன்னால் போவார்கள், நான் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நடக்க வேண்டும், நாலு மணி நேரம், அந்த இடுப்பு திரும்புவதை ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொண்டு. “ஆனா வந்தா, கால அங்க வெய்யி, கைய இங்க வெய்யின்னு சொல்லப்படாதுங்க. கூட ஆடறவருதான் சொல்லலாம். வெளியாளு சொல்லக் கூடாதாமா.” சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள், நான் என்ன செய்யப் போகிறேன் என்று. வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.

“வர்றேன்,” என்றேன். “ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”